துரு பிடித்த கோதுமை இலை ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

பச்சையம்:
கோதுமை நாற்றுகளில் இலைத் துரு என்ற பூஞ்சை நோயை ஏற்றி, இலைத் துண்டுகளை இருட்டில் ஆக்சிஜன் எலக்ட்ரோடில் (ஆக்சிஜன் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் கருவி) வைத்து அளந்துகொண்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் நல்ல இலைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை, அப்புறம் மெல்ல ஏறி, கொப்புளம் வெடித்துச் செம்பழுப்புப் பொடி கையில் ஒட்டுகிற சமயத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இந்தக் கூடுதல் சுவாசம் இலையுடையதா, பூஞ்சையுடையதா? சுவாசம் இவ்வளவு கூடியும் இலை ஏன் வெளிறிப் போகிறது?

ஒட்டுண்ணி:
இரண்டுடையதும்தான், பங்கு நாளுக்கு நாள் மாறும். ஆரம்பத்தில் இலைக்குள் பூஞ்சையின் உடம்பே கொஞ்சம், அதனால் அப்போதைய ஏற்றத்தை முழுக்க அதன் கணக்கில் எழுத முடியாது. செம்பழுப்புப் பொடியாக வித்து தள்ளும் கட்டத்தில் அதன் பங்கு பெரிது. சாம்பல் நோயில் இதைப் பிரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் அந்தப் பூஞ்சை இலைக்கு மேலேதான் படர்கிறது. 1938-இல் ஆலன், கோடார்டு என்ற ஆய்வாளர்கள் கோதுமையில் அதை அகற்றிவிட்டு அளந்தார்கள், அப்போதும் உள்ளே இருந்த இலைத் திசுவின் சுவாசம் கூடுதலாகவே இருந்தது. துரு இழைகள் செல்களுக்கு நடுவில் ஓடி, உறிஞ்சும் உறுப்பைச் செல்லுக்குள்ளேயே நுழைத்துவிடுகின்றன, அதைத் துடைத்தெடுக்க வழியில்லை.

வெளிறுவதற்கு வருவோம். சுவாசம் கூடினால் தெம்பு கூடும் என்பது பாதிதான் சரி. நோய் இலையில் குளுக்கோஸில் ஒரு பகுதி பென்டோஸ் பாஸ்பேட் வழி என்ற வேறொரு சிதைவுப் பாதையில் போகிறது (குளுக்கோஸின் முதலாம் கார்பனைக் கதிரியக்கத்தால் குறியிட்டால் அது ஆறாம் கார்பனைவிட அதிகமாக வாயுவாக வெளியேறும்), அங்கே கிடைப்பது செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி அல்ல, புதுப் பொருள் கட்ட உதவும் என்ஏடிபிஎச். கிடைக்கிற சர்க்கரையைப் பூஞ்சை இழுத்துக்கொள்கிறது, ஒளிச்சேர்க்கையும் சரிகிறது. மற்ற பாகங்களுக்கு உணவு அனுப்ப வேண்டிய இலை, தானே வாங்கித் தின்கிற இலையாகிவிடுகிறது.

அளவுகோல்:
ஒரு சின்னச் சந்தேகம், அளக்கும் முன் பொடியைத் தட்டிவிட்டீர்களா? துரு வித்து உலர்ந்திருக்கும்வரை சும்மா கிடக்கும், ஈரம் பட்டால் சில மணி நேரத்தில் முளைக்க ஆரம்பித்து, சேமித்த கொழுப்பை எரித்து ஆக்சிஜனைக் குடிக்கும். எலக்ட்ரோடு கிண்ணத்திலோ தண்ணீர்! மெல்லிய தூரிகையால் தள்ளிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கணக்கையும் பச்சை எடைக்குப் போடாதீர்கள், கொப்புளம் தோலைக் கிழித்ததும் இலை நீரை இழக்கும், எடை குறைந்து எண் பொய்யாக ஏறும். பரப்பளவுக்குப் போடுங்கள்.

பச்சையம்:
தட்டவில்லை, எடைக்குத்தான் போட்டேன். இரண்டையும் திருத்துகிறேன். ஆனால் எதிர்ப்பு உள்ள ரகத்தில் சுவாசம் சீக்கிரமே ஏறி, கொப்புளமே வராமல் இறங்கிவிட்டதே, அது என்ன?

ஒட்டுண்ணி:
அது இலை செய்வது. பூஞ்சை தொட்ட செல்கள் தற்காப்புப் பொருள் தயாரிக்க அவசரமாக எரித்துவிட்டு, தாங்களே செத்துப்போகின்றன. உயிருள்ள செல் இல்லாமல் துருவுக்குச் சாப்பாடு இல்லை. இலையில் ஊசி முனையளவு வெளிறிய புள்ளிகள் தெரிகிறதா, பாருங்கள்.

பச்சையம்:
இருக்கின்றன, நான் ஏதோ தண்ணீர்த் தழும்பு என்று நினைத்து விட்டுவிட்டேன்.