அனபாலிக் ஸ்டீராய்டை, அதாவது ஆண் ஹார்மோன் போல வேலை செய்யும் மருந்தை, நோய்க்காக எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

தங்கைக்கு அப்போது 22 வயது. ஏப்ளாஸ்டிக் அனீமியா, அதாவது எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உற்பத்தி செய்யாத நோய். ஹீமோகுளோபின் 5-ஐத் தாண்டவில்லை. மாற்று சிகிச்சைக்கு என் மஜ்ஜை பொருந்தவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்க, குதிரை ரத்தத்திலிருந்து தயாரிக்கும் ஏடிஜி மருந்தின் விலையைக் கேட்டதும் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் டாக்டர் எழுதியது ஸ்டானசோலால். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர் பென் ஜான்சனின் தங்கத்தைப் பறித்த அதே மருந்துதான்! மஜ்ஜையைத் தூண்டும், ஆனால் எல்லாருக்கும் பலிக்காது என்றார். பக்கத்து வீட்டு அத்தை, "ஸ்டீராய்டா? முகம் ஊதிடுமே" என்று பயமுறுத்தினார். முகம் ஊதுவது பிரெட்னிசலோன் வகை ஸ்டீராய்டில், இது வேறு.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் மாதம் 6.8, ஆறாம் மாதம் 8.5, அதுவும் ரத்தம் ஏற்றாமலே. எங்களுக்குத்தான் சந்தோஷம், அவளுக்கு இல்லை. மேலுதட்டில் ரோமம் வந்தது, குரல் கட்டையானது. ஒருநாள் கூரியர்காரர் போனில் "சார், அட்ரஸ் சொல்லுங்க" என்றிருக்கிறார். அன்றிலிருந்து அவள் போனையே எடுப்பதில்லை. மருந்தை நிறுத்திய பிறகு ரோமம் குறைந்தது, குரல் முழுசாகத் திரும்பவில்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

*

எனக்கு டனசால், அதுவும் ஆண் ஹார்மோன் வகைதான். பரம்பரையாக வரும் ஆஞ்சியோஎடிமா, சி1 இன்ஹிபிட்டர் என்ற புரதம் ரத்தத்தில் குறைவு. திடீரென்று உதடு வீங்கும், சில நேரம் குடலே வீங்கி வயிற்றுவலி உயிரை எடுக்கும். பல வருஷம் அலர்ஜி என்று ஊசி போட்டே அனுப்பினார்கள். அலர்ஜியே இல்லாததற்கு அலர்ஜி ஊசி எப்படிக் கேட்கும்? டனசால் அந்தப் புரதத்தின் அளவைக் கூட்டுகிறது. இப்போது தினம் 100 மில்லிகிராம் கேப்சூல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் டெஸ்ட். முகப்பரு மட்டும் தொல்லை.

*

90-களில் அப்பாவுக்கு டயாலிசிஸ். ரத்த அணுக்களைக் கூட்டும் எரித்ரோபாய்டின் ஊசி வந்திருந்தாலும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ரத்தசோகைக்கு வாரம் ஒரு நான்ட்ரோலோன் ஊசிதான். எண்ணெய் மருந்து என்பதால் நர்ஸம்மா ஆம்பூலை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் உடைப்பார். போன மாதம் ஜிம்முக்குப் போகும் என் பையன் யாரிடமோ "டெக்கா" என்று கிசுகிசுத்தான். நான்ட்ரோலோனுக்கு ஜிம்மில் வைத்திருக்கும் பெயர் அது. "அது தாத்தாவுக்குப் போட்ட ஊசிடா" என்றேன். நம்பவில்லை. பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினேன்.