ஓசூரில் பச்சிளங்குழந்தைகளுக்கான செவித்திறன் பரிசோதனை

கேள்வி: தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என வீட்டுக்கு வீடு மொழி மாறும் ஓசூரில், பிறந்த குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை தேவை என்பதை எவ்வாறு எடுத்துச் சொல்வது? தமிழ்த் துண்டறிக்கையைப் பலர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பதில் 1: தடுப்பூசி நாளில், அந்தந்த மொழி பேசும் தாய் ஒருவரையே பேசவையுங்கள். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையைப் பொருத்தினால் சில நிமிடங்களில் வலியின்றி முடிந்துவிடும் என்பதை அவர் சொன்னால் நம்புவார்கள்.

பதில் 2: 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே பரிந்துரை. முதல் சோதனையில் தேறாததற்குக் காதில் தங்கிய திரவமும் காரணமாகலாம் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மறுபரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

பதில் 3: வீட்டில் இரண்டு மொழி புழங்குவதால்தான் பேச்சு வரவில்லை என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்ல, அதை நம்பிக் காத்திருக்கும் குடும்பங்களில்தான் செவிக்குறைபாடு தெரியாமலே போகிறது, முதலில் அந்த எண்ணத்தை மாற்றுங்கள்.