டிராக்டர் லோடருக்கு ராத்திரி லைட்: கூரையிலா, லோடர் கையிலா?

ஹொஸ்கோட்டே தோட்டம்:
45 எச்.பி. டிராக்டர், முன்னால் மண் அள்ளுகிற லோடர், கேபின் இல்லை, மேலே வெறும் கூரைதான். பக்கெட்டை இடுப்பளவு தூக்கினாலே ஹெட்லைட் வெளிச்சம் பூரா அதன் முதுகில் போய் விழுகிறது. 27 வாட் எல்.இ.டி. நாலு வாங்கியாச்சு. எங்கே மாட்டலாம்?

ஜே.சி.ரோடு வயரிங்:
கூரையின் முன் மூலை இரண்டிலும் மாட்டுங்கள் சார். வயர் அசையாது, சேறு படாது, லோடரைக் கழற்றி வைத்தாலும் லைட் வண்டியோடு இருக்கும். பக்கெட்டைத் தூக்குகிற லோடர் கையில் மாட்டினால், கை திரும்புகிற இடத்தில் வயர் மடங்கி மடங்கி உள்ளே செம்பு இழை அறுந்துபோகும். மேல் தோல் புதுசு போலவே இருக்கும். கோளாறு எங்கே என்று தேடியே அரை நாள் போய்விடும்.

பீன்யா பட்டறை:
கூரை என்றால் ஒரு கணக்குப் பாருங்கள் அண்ணே. லைட் 2.4 மீட்டர் உயரத்தில். பானெட் (இன்ஜின் மூடி) மூக்கு 1.4 மீட்டர் உயரம், லைட்டுக்கு 1.8 மீட்டர் முன்னால். மூக்கை உரசிப் போகிற ஒளி, லைட்டிலிருந்து 4.3 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். ஆக, மூக்குக்கு முன்னால் 2.5 மீட்டர் இருட்டு. இறக்கி வைத்த பக்கெட்டின் வாய் அதற்குள்தான் கிடக்கும். போதாததற்கு, கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகிற ஒளி தூசியில் பட்டுத் திரும்பவும் கண்ணுக்கே வரும். பக்கெட் வாய் தெரியவேண்டுமா, லைட் கையில்தான் இருக்க வேண்டும்.

ஜே.சி.ரோடு வயரிங்:
நடுவில் ஒரே லைட் என்றால் உங்கள் கணக்கு சரி. நான் சொல்வது மூலை லைட். இரண்டுக்கும் இடையே 1.2 மீட்டர்; பானெட் அகலம் 65 செ.மீ. ஒளி பானெட்டின் இரு பக்கமாகவும் இறங்கும், பக்கெட் வாயின் நடுவில் ஒரு முழம்கூட இருட்டு வராது. கையில் இருக்கிற லைட் என்ன ஆகும்? கை ஏற ஏற அதுவும் மேலே பார்க்கும். லாரியில் கொட்டுகிற நேரம் வெளிச்சம் வானத்துக்குப் போகும். அதற்கு முன்னால் லாரிமேல் நிற்கிறவர் கண்ணில் அடித்திருக்கும்.

ஆனேக்கல் லோடர்:
இரண்டு பேரும் லோடர் தூணை மறந்துவிட்டீர்கள். கை தொங்குகிற தூண் சேஸிஸில் போல்ட் போட்டது, அசையாது. லைட் கண்ணுக்குக் கீழே, பானெட்டுக்கு இருபுறமும் வந்துவிடும். 60 டிகிரி பரவல் உள்ள ஜோடியை அங்கே மாட்டி, மூக்கிலிருந்து 2 மீட்டர் தள்ளித் தரையைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். மற்ற ஜோடி கூரை மூலையில், லாரி ஓரம் தெரிய. இரண்டு ஜோடிக்கும் தனித்தனி சுவிட்ச் கட்டாயம். தேய்ந்து பளபளக்கிற பக்கெட் மேலே வந்தால் கூரை லைட் அதில் பட்டுக் கண் கூசும். உடனே அணைக்க முடியவேண்டும்.

பீன்யா பட்டறை:
தூண் சரி, ஆனால் கையின் வெளிப்பக்கமாக, 10 செ.மீ. தள்ளி. உள்பக்கம் வைத்தால் கையின் நிழல் பக்கெட்மேல் விழும். யூ கிளாம்ப் போடுங்கள், அடியில் ரப்பர் வையுங்கள். கூரைச் சட்டத்தில் மட்டும் ஓட்டை போட்டுவிடாதீர்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கவென்றே செய்த சட்டமாக அது இருக்கலாம்.

ஜே.சி.ரோடு வயரிங்:
தூணுக்கு நானும் சம்மதம், வயர் அசையாதே. ஒரு ஜோடி 54 வாட், சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். ஜோடிக்கு ஒரு ரிலே (சுவிட்சின் சின்னக் கரன்ட்டால் லைட்டின் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கிற பெட்டி), 7.5 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும்: 30க்கு ஃப்யூஸ் வழி பேட்டரி, 87இல் லைட், 86க்கு சுவிட்ச், 85 எர்த். 2.5 ச.மி.மீ. வயர் போட்டால், 4 மீட்டர் போய் 4 மீட்டர் வந்தாலும் கால் வோல்ட்தான் இறங்கும். எர்த்தை பாடியில் கொடுக்காமல் பேட்டரி நெகட்டிவ்வரை தனி வயராக இழுங்கள். பெயின்ட்டும் துருவும் சேர்ந்தால் லைட் விட்டுவிட்டு எரியும்.

ஹொஸ்கோட்டே தோட்டம்:
பிரஷர் பம்பில் கழுவலாமா? ரோட்டில் போட்டுப் போகலாமா?

ஆனேக்கல் லோடர்:
லைட்டில் தண்ணீர், தூசி தாங்கும் தரக்குறி ஐ.பி. 67 என்றால் தண்ணீரில் கொஞ்ச நேரம் முங்கினால் தாங்கும். பீய்ச்சி அடிப்பது வேறு. அதற்கு 69கே வேண்டும். இல்லையென்றால் கழுவும்போது லைட் பக்கம் பம்பைக் காட்டாதீர்கள். ரோடு ஏறுமுன் நாலையும் அணைத்துவிடுங்கள், எதிரே வருகிறவருக்கு வழியே தெரியாது.

பீன்யா பட்டறை:
போல்ட்டைப் பகலில் முழுக்க இறுக்கவேண்டாம். இருட்டியதும் பக்கெட்டைத் தரையில், இடுப்பளவில், முழு உயரத்தில் என்று மூன்று நிலையிலும் வைத்து, சீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சாய்வைச் சரிசெய்த பிறகு இறுக்குங்கள்.