பழைய விசைப்படகில் மின்னணு வேகக் கட்டுப்பாடு பொருத்தலாமா?

கேள்வி (மண்டபம்):
எங்கள் விசைப்படகின் டீசல் எஞ்சின் பழையது. வீல்ஹவுஸிலிருந்து (படகை ஓட்டும் அறை) செல்லும் ஆக்சிலேட்டர் கேபிள் உப்பேறி இறுகிவிடுவதால், மடி வலையை இழுக்கும்போது வேகத்தைச் சீராக வைக்க முடியவில்லை. எஞ்சினை மாற்றாமல் மின்னணுக் கட்டுப்பாடு பொருத்த வழி உண்டா, ஐயா?

பதில் (தொண்டி):
தாராளமாகப் பொருத்தலாம். டீசல் பம்பில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கவர்னர் லீவரைக் கேபிளுக்குப் பதிலாக ஓர் ஆக்சுவேட்டர் (மின்சாரத்தால் இயங்கி லீவரைத் தள்ளி இழுக்கும் கருவி) நகர்த்தும். எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பற்களுக்கு எதிரே பொருத்தும் காந்த சென்சார், கடந்து செல்லும் பற்களை எண்ணி, உண்மையான வேகத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கும். 120 பற்கள் இருந்தால், நிமிடத்துக்கு 1500 சுற்றில் நொடிக்கு 3000 துடிப்புகள் வரும். பற்களின் எண்ணிக்கையைப் பிழையாகப் பதிந்தால் காட்டும் வேகமும் பிழையாகிவிடும். ஆக்சுவேட்டரைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். திருகு வகை, மின்சாரம் போனால் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும், எஞ்சினும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சுருள்வில் உள்ள வகையோ லீவரைத் தாழ்வேகத்துக்கு இழுத்துவிடும். படகுக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

பதில் (பாம்பன்):
பழைய கேபிளுக்குப் பதில் புதியதைப் போட்டு, ஒரு பின்னைக் (இணைப்பு முள்) கழற்றி மாட்டினாலே கைக்கட்டுப்பாட்டுக்குத் திரும்பும்படி அந்தப் புதுக் கேபிளை வைத்திருங்கள். பாலத்தின் அடியில் நீரோட்டம் இழுக்கும்போது கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பழுதுபார்க்க நேரமிருக்காது. எஞ்சினை நிறுத்தும் லீவரை இந்த அமைப்போடு இணைக்கவே வேண்டாம். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியையே பயன்படுத்துங்கள், ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முதலில் ஃப்ளைவீல் மூடியைத் திறந்து பற்களை எண்ணிவிட்டு எழுதுகிறேன்.