திரையில் ஊசி முனை கேலிக்ஸுக்குள், ஆனால் சிறுநீர் வரவில்லை: பிழை எங்கே?

கேள்வி

பிசிஎன்எல் (முதுகுப்புறத் தோலில் சிறு துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் அறுவை), குப்புறப் படுத்த நிலை, எக்ஸ்ரே இல்லாமல் அல்ட்ராசவுண்ட் மட்டும். 3.5 மெகாஹெர்ட்ஸ் கன்வெக்ஸ் ப்ரோப், 18 கேஜ் ஊசி. குறி சிறுநீரகக் கீழ்முனையின் பின்பக்கக் கேலிக்ஸ் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேரும் சிறு கிண்ணம்), தோலிலிருந்து சுமார் 7 செ.மீ. சிறுநீரகத்தில் வீக்கம் அதிகமில்லை. முனை கேலிக்ஸுக்குள் பளிச்சென்று தெரிகிறது. ஸ்டைலெட்டை (ஊசிக்குள் இருக்கும் கம்பி) உருவினால் ஒன்றும் வருவதில்லை, அல்லது வெறும் ரத்தம். இன்-பிளேன் முறைதான் (ஊசி முழுவதும் அலைத்தளத்துக்குள் தெரியும்படி குத்துவது). நீடில் கைட் (ஊசியை வழிநடத்த ப்ரோப்பில் மாட்டும் பிடி) மாட்டினால் தீருமா?

பதில் 1

பளிச்சென்று தெரிவது முனைதானா? அல்ட்ராசவுண்ட் அலைக்கற்றை மெல்லிய தாள் மாதிரி; திரையில் தெரியும் தளம் அதுதான். ஊசி அந்தத் தாளைச் சாய்வாக வெட்டிக்கொண்டு வெளியேறினால், வெளியேறும் இடத்தில் தண்டு அறுந்த மாதிரி நின்றுவிடும். பார்ப்பவருக்கு அதுதான் முனை. உண்மையான முனை அதைத் தாண்டிப் பக்கவாட்டில் போயிருக்கும். 7 செ.மீ. பாதையில் 1 டிகிரி விலகினால் 1.2 மி.மீ., 5 டிகிரி விலகினால் 6 மி.மீ. சுருங்கிய கேலிக்ஸைக் கோட்டைவிட அது போதும்.

கண்டுபிடிக்க எளிய வழி, ஊசியின் மேல் உள்ள செ.மீ. குறிகள். உள்ளே போனது 8 செ.மீ., திரையில் அளந்தால் 6.5 தான் என்றால் மீதி 1.5 செ.மீ. தளத்துக்கு வெளியே இருக்கிறது. அப்போது ஊசியைத் தொடாமல் ப்ரோப்பை மட்டும் மெல்லச் சாய்த்து முனையைத் தேடுங்கள். கிடைத்தபின் ப்ரோப்பை அசைக்காமல் ஊசியைத் திருத்துங்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் தேடல் முடியவே முடியாது.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் முனை உண்மையிலேயே தளத்தில் இருந்தும் சிறுநீர் வராமல் போகும். ஊசி கேலிக்ஸின் சுவரைத் துளைக்காமல் கூடாரம் போல உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கும். திரையில் உள்ளே இருப்பதாகவே தோன்றும். மெதுவாக அழுத்த அழுத்தச் சிறுநீரகமே முன்னால் நகரும். சுவரைத் தொட்டதும் சில மி.மீ. அளவுக்குச் சட்டென ஒரு குத்து தேவை. மூச்சுவிட்டு முடிந்த நிலையில் மயக்க மருத்துவரிடம் வென்டிலேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குத்துங்கள்.

வீக்கமில்லாத சிறுநீரகத்தில் யூரெட்டெரிக் கதீட்டர் (சிறுநீர்க்குழாய்க்குள் ஏற்றும் மெல்லிய குழாய், 5 அல்லது 6 ஃபிரெஞ்ச் அளவு) வழியாகச் சலைன் விட்டுக் கேலிக்ஸை விரிக்காமல் தொடங்கவே கூடாது. சிரிஞ்சில் காற்று இருந்தால் குமிழிகள் கல் மாதிரி வெளுத்து, நிழலும் விழுத்தி, எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அழுத்தித் தள்ளவும் வேண்டாம். தொற்று இருந்தால் கிருமி ரத்தத்துக்குள் போகும். குத்தியதும் சீழ் வந்தால் கல்லை மறந்துவிட்டு, நெஃப்ராஸ்டமி ட்யூப் (சிறுநீரகத்திலிருந்து தோல் வழியே வெளியே வடிக்கும் குழாய்) வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்று: கல்லே கேலிக்ஸை அடைத்திருந்தால் சிறுநீர் வராது. ஊசி கல்லில் உரசுவது கையில் தெரியும்.

பதில் 3

நீடில் கைட் பற்றி: ஊசியைத் தளத்துக்குள் வைத்திருக்கும், அதுவரை லாபம். ஆனால் கோணம் கட்டுப்பட்டுவிடும். விலா எலும்பு குறுக்கே வந்தால் விலக இடமில்லை. பயிற்சிக்கு நல்லது, எப்போதும் அதையே நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

வெறும் ரத்தம் வருவது குறியை விட வழியின் குற்றமாக இருக்கலாம். கேலிக்ஸின் நடுவில், பாப்பில்லா (கேலிக்ஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரகத் திசுவின் நுனி) வழியாக நுழைந்தால் பெரிய நாளங்கள் இல்லை; இன்ஃபண்டிபுலத்தை (கேலிக்ஸின் குறுகிய கழுத்து) ஒட்டி நாளங்கள் ஓடுகின்றன. குத்துமுன் கலர் டாப்ளரை (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் அல்ட்ராசவுண்ட்) ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஊசி அலைக்கு இணையாகச் செங்குத்தாக இறங்கினால் எதிரொலி திரும்பாது, மங்கிவிடும். ப்ரோப் விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி நுழைந்தால் கோணம் படுக்கும், ஊசி துலங்கும்.

கேட்டவர்

குறிகளை வைத்து அளக்கும் யோசனை உடனே பயன்படும். முனை கேலிக்ஸைத் தாண்டிப் போய்விட்டது என்று தெரிந்தால்?

பதில் 1

ஸ்டைலெட் இல்லாமல், கதீட்டரில் சலைன் போய்க்கொண்டிருக்க, 1–2 மி.மீ. வீதம் பின்னிழுங்கள். சொட்டத் தொடங்கிய இடத்தில் நிறுத்திக் கைட்வயரை (பாதையைப் பிடித்துவைக்கும் மெல்லிய கம்பி) விடுங்கள். ஊசியை எடுக்குமுன் தோலருகே உள்ள ஆழக்குறியைக் குறித்துக்கொள்ளுங்கள். டைலேட்டர் (ஊசிப் பாதையை அகலமாக்கும் கருவி) அந்த அளவைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் குறைவாக நின்றால் மீண்டும் தள்ளலாம், அதிகமாகப் போனால் எதிர்ச்சுவர் கிழியும். மூன்று முறை குத்தியும் கிடைக்காவிட்டால் கேலிக்ஸ் சுருங்கி, சுற்றிலும் ரத்தம் கட்டிப் படமே மங்கிவிடும். அங்கே ஃப்ளூரோஸ்கோப்பிக்கு (நேரலை எக்ஸ்ரே) மாறுவதில் வெட்கமில்லை.