சம்பாவில் எலிவெட்டு: ஆந்தைக் குச்சி நட்டால் போதுமா?

களத்துமேடு:
மன்னார்குடிப் பக்கம் சம்பா பொதி கட்டும் நேரம், அதாவது கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் திரளும் பருவம். வரப்போரத்தை விட்டுவிட்டு நடுவயலில் எலி வட்டமாக வெட்டித் தள்ளியிருக்கிறது. பக்கத்து வயல்காரர் 'டி' வடிவக் குச்சி நட்டு, ஆந்தை பார்த்துக்கொள்ளும் என்கிறார். ஆந்தை ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று எலி தின்னுமா? வயல் எலி மூன்று வாரச் சினையில் ஏழெட்டுக் குட்டி போடுகிறது. எனக்குக் கணக்கு உதைக்கிறது. மருந்துதான் வழி.

வடுவூரான்:
அண்ணே, ஒற்றை ஆந்தையோடு கணக்கை ஏன் நிறுத்துகிறீர்கள்? கூகை, அதுதான் அந்த வெள்ளைமுக ஆந்தை, ஜோடியாகக் குஞ்சு வைத்திருக்கும்போது ராத்திரி முழுக்க வேட்டைதான். அந்தக் குச்சிக்கு அடியில் காலையில் போய்ப் பாருங்கள், கறுப்பாக உருண்டை கக்கியிருக்கும். பிரித்தால் மயிர், தாடை எலும்பு, மஞ்சளேறிய முன்பல். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இதற்கென்றே பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள்.

களத்துமேடு:
செய்ஷெல்ஸ் தீவில் 1949-இல் எலிக்காகத்தான் கூகையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது எலியை விட்டுவிட்டு வெள்ளை ஆலா என்கிற கடற்பறவைகளைத் தின்றது. கடைசியில் கூகையைக் கொன்றால் காசு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 1872-இல் ஜமைக்காவுக்கு நம் ஊர்க் கீரி போன கதையும் அதேதான்.

வடுவூரான்:
இரண்டும் வெளியூர்ச் சரக்கு, அண்ணே. அந்தத் தீவுப் பறவைகளுக்குத் தப்பிக்கவே தெரியாது. நம் கூகையும் எலியும் இந்த மண்ணில் காலங்காலமாக இருப்பவை. சாக்குருவி என்று கல்லெறிந்து விரட்டியது நாம்தானே?

கிட்டிக்காரர் பேரன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். குச்சியில் உட்காருவதெல்லாம் கூகை இல்லை. பாதி நேரம் அது புள்ளி ஆந்தை, பூச்சிதான் அதற்குப் பிரதான தீனி. அப்புறம் எந்த ஆந்தையும் வளைக்குள் போகாது. அதற்குச் சாரை வேண்டும். அதைத்தான் நடவாள் கண்ட இடத்தில் அடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வரப்பை ஒன்றரை அடிக்குள் ஒடுக்கி வெட்டி, பொதிக்கு முன்பே தஞ்சாவூர்க் கிட்டி என்கிற மூங்கில் எலிப்பொறி வைத்திருக்க வேண்டும். பொதியில்தான் எலி இனம் பெருக்கும். இப்போது வைத்தால் பாதி பலன்.

களத்துமேடு:
கிட்டி வைக்க ஆள் எங்கே கிடைக்கிறது? அதனால்தான் மருந்துக் கட்டி வைத்தாயிற்று.

வடுவூரான்:
அடடா. அந்தக் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடித் திரியும். ஓட முடியாத எலியைத்தான் கூகை முதலில் தூக்கும், விஷமும் சேர்ந்து உள்ளே போகும். மருந்தும் குச்சியும் ஒரே வயலில் ஆகாது.

களத்துமேடு:
குச்சி என் வயலில் இல்லையே, தம்பி.

வடுவூரான்:
கூகைக்கு உங்கள் வரப்பு தெரியுமா?

கிட்டிக்காரர் பேரன்:
சரி, சண்டை வேண்டாம். மிச்சக் கட்டியைப் பொறுக்கி எடுங்கள், செத்த எலியைப் புதையுங்கள். குச்சி நட்டவரிடமும் ஒன்று சொல்லுங்கள்: கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் சில்லையும் குருவியும் அதில் உட்கார்ந்தே நெல்லைத் தின்னும்.

களத்துமேடு:
கட்டியை எடுக்கிறேன். ஆனால் ஏக்கருக்கு இரண்டு மூட்டை போனால் கூகை தருமா? கிட்டிக்கு ஆள் இருந்தால் அனுப்புங்கள், கூலி பேசிக்கொள்ளலாம்.