ஏர் ஃபில்டருக்கு வாரா வாரம் காத்து அடிக்கலாமா?

குழு: நம்ம வீதி, பொள்ளாச்சி

பிரபு (காலை 7:12): சித்தப்பா, பிக்கப் மேடு ஏறுனா கரும்புகை தள்ளுதுங்க. இழுவையும் இல்ல. வாரம் தவறாம ஃபில்டரக் கழட்டி பஞ்சர் கடைல காத்து அடிச்சுத்தான் மாட்டறேன். அப்புறமும் ஏனுங்க இப்படி?

ராசு சித்தப்பா: வாரா வாரமா! அதேதான் தப்பு. என்ன லோடு அடிக்கறே?

பிரபு: நார்த்தூளுங்க. வாரத்துல ரெண்டு நாள் எம்-சாண்ட்.

ராசு சித்தப்பா: நார்த்தூள் பெருசு, எடை இல்லாதது. மடிப்பு மேல கம்பளியாட்டம் படிஞ்சு மூச்சை அடைக்கும், உள்ள போவாது. கையிலயே உரிச்சு எடுத்துரலாம். எம்-சாண்ட் கல்லு மாவு. துளி உள்ள போனாலும் இன்ஜின் லைனர், ரிங்கு, டர்போ (இன்ஜினுக்குக் காத்தை அமுக்கித் தள்றது) பிளேடு எல்லாத்தையும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேச்சுரும்.

ராசு சித்தப்பா: ஃபில்டர் புதுசா இருக்கறதைவிட, கொஞ்சம் தூசி படிஞ்ச பொறவுதான் நல்லா வடிகட்டும். படிஞ்ச தூசியே இன்னொரு சல்லடை. நீ வாரா வாரம் அதை ஊதி எடுக்கறே. ஒவ்வொரு தடவை தொறக்கறப்பவும் ஃபில்டர் கூட்டுல இருக்கற தூசி சுத்தமான பக்கம் வேற உதிரும்.

மணி மாமா: பஞ்சர் கடை கம்ப்ரசர்ல அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல இருக்கும் மாப்ள. பேப்பர் பொத்துக்கும், கண்ணுக்கே தெரியாது. அடிச்சே ஆகோணும்னா 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழ வெச்சு, ஒரு சாண் தள்ளிப் புடிச்சு, உள்ள இருந்து வெளிய. மடிப்போட வாக்குலயே மேலயும் கீழயும். தரைல தட்டாத, தகட்டு மூடி நெளிஞ்சா ரப்பர் உக்காராது. தண்ணில கழுவவே கூடாது. மழைல நனைஞ்சு ஊறிப்போச்சா, தூக்கிப் போட்ரு.

பிரபு: பொத்திருக்கான்னு எப்படிப் பாக்கறது?

மணி மாமா: இருட்டு ரூம்ல ஃபில்டருக்குள்ள டார்ச்சை உட்டு வெளிய இருந்து சுத்திப் பாரு. மங்கலா, ஒரே சீரா வெளிச்சம் வந்தா சரி. ஊசிப் பொட்டாட்டம் பளிச்சுனு ஒரு புள்ளி தெரிஞ்சாலும் அதோட கதை முடிஞ்சுது.

ராசு சித்தப்பா: அதுக்கு முன்னால ஒண்ணு. ஃபில்டர்ல இருந்து டர்போவுக்குப் போற ஹோஸைக் கழட்டி, உள் சுவத்துல வெரலை ஓட்டு. வெரல் சுத்தமா வரோணும். லேசா எண்ணெய்ப் பசை இருந்தாப் பரவால்ல. சாம்பல் தூசி வந்துச்சுன்னா, ஃபில்டரைச் சுத்தி வேற வழில காத்து போவுது.

[7:41, பிரபு ஒரு படம் அனுப்பினார்]

பிரபு: வெரல் பாருங்க. நரநரங்குது.

ராசு சித்தப்பா: கிளிப்பு?

பிரபு: ஃபில்டர் பக்கத்துக் கிளிப்பு லூசுங்க. கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருக்கு.

ராசு சித்தப்பா: கம்பி ரெண்டு எடத்துலதான் புடிக்கும். திருகு கிளிப்புப் போடு. ஹோஸை அமுக்கி வளைச்சுப் பாரு, மடிப்பு இடுக்குல வெடிப்பு ஒளிஞ்சிருக்கும். மாட்டறதுக்கு முன்னால ஹோஸையும் கூட்டையும் ஈரத்துணில தொடை. காத்து அடிக்காத, அத்தனையும் டர்போவுக்குப் போயிரும். டர்போ வாய்ல துணி அடைச்சுக்க. மறக்காம எடுத்துரு சாமி!

மணி மாமா: கூட்டுக்கு அடில ரப்பர் மூக்கு ஒண்ணு இருக்கும், டஸ்ட் வால்வு. அது கீழ பாத்து இருக்கோணும். வாரா வாரம் ஏதாச்சும் பண்ணியே ஆகோணும்னா அதை ரெண்டு தடவை அமுக்கி உடு, தூசி கொட்டிரும். உதடு காஞ்சு பொளந்திருந்தா மாத்து.

பிரபு: அப்ப கரும்புகை இதனாலதானுங்களா?

ராசு சித்தப்பா: இல்ல. டர்போவுக்கு முன்னால ஓட்டை இருந்தா தூசி போவும், புகை வராது. ஃபில்டர் அடைச்சிருந்தாலோ, டர்போவுக்குப் பொறவு ஓட்டை இருந்தாலோதான் டீசலுக்குத் தக்க காத்து கெடைக்காம கரும்புகை. இன்டர்கூலர் (டர்போ தள்ற காத்தைக் குளிர வெக்கறது) ஹோஸ் ரெண்டு முனையும் பாரு. ஓட்டை இருக்கற எடத்துல எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பியிருக்கும், ரேஸ் பண்ணா உஸ்ஸுனு சத்தம் வரும்.

செல்வி அத்தை: கண்ணு, என் கடைக்கு ஃபில்டர் வாங்க வரப்ப பழசையும் சேசிஸ் நம்பரையும் எடுத்துட்டு வா. வண்டி பேரு மட்டும் சொன்னாப் பத்தாது. புகை விதி பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்6னு மாற மாற ஃபில்டரும் மாறிக்கிட்டே போவுது. பாக்க ஒண்ணாட்டமே இருக்கும், உயரம் நாலு மில்லிமீட்டர் கம்மியா இருந்தாக்கூட மூடி அமுக்காது.

செல்வி அத்தை: மடிப்பு ஒரே இடைவெளியா இருக்கான்னு பாரு. ரப்பரை நகத்துல அமுக்குனா திரும்பி எழும்போணும். பேப்பரும் மூடியும் சேர்ற எடத்துல பசை உடாம ஓடியிருக்கோணும். சல்லிசாக் கெடைக்கறதுல தோத்துப்போறது இந்தப் பசைதான்.

பிரபு: கழுவிக் கழுவிப் போடற காட்டன் ஃபில்டர்னு விக்கறாங்களே அத்தை?

செல்வி அத்தை: நானும் வெச்சிருக்கேன், உனக்குத் தரமாட்டேன். எண்ணெய் தடவிப் போடறது அது. எண்ணெய் அதிகமாச்சுன்னா காத்து அளக்கற சென்சார்ல படிஞ்சு ரீடிங் தப்பாயிரும். குவாரி ரோட்டுக்கு பேப்பர்தான்.

மணி மாமா: என் வண்டி பிஎஸ்6. அதுல ஃபில்டர் அடைச்சா கரி டிபிஎஃப்லதான் (புகைக் குழாய்ல கரியைப் புடிக்கற ஃபில்டர்) போய்ச் சேரும். புகையே காட்டாது, டிபிஎஃப் லைட்டு அடிக்கடி வர ஆரம்பிக்கும்.

பிரபு: எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தறதுங்க?

ராசு சித்தப்பா: புக்குல போட்டது தார் ரோட்டுக்கு. நீ பாதில மாத்து. கூட்டுல அடைப்பைக் காட்டற இண்டிகேட்டர் இருந்தா செவப்பு வந்ததும் மாத்திட்டு பட்டனை அமுக்கி உடு. உள்ளார சின்ன ஃபில்டர் ஒண்ணு இருந்தா அதை ஊதவே கூடாது. வெளி ஃபில்டர் மூணு மாத்தறப்ப அதை ஒண்ணு மாத்து. அதுல தூசி தெரிஞ்சா வெளி ஃபில்டர் ஓட்டைன்னு அர்த்தம்.

[9:05]

பிரபு: இன்டர்கூலர் கீழ் ஹோஸ்ல ஒரு இஞ்சுக்கு வெடிப்புங்க சித்தப்பா. சுத்தியும் எண்ணெய்ச் சேறு.

ராசு சித்தப்பா: ஹோஸை மாத்து, டேப் சுத்தாத. அப்படியே டர்போ ஷாஃப்டைப் புடிச்சு ஆட்டிப் பாரு. பிளேடு டர்போ கூட்டுல ஒரசுனா ஓட்டாத, வண்டியைக் கட்டி இழுத்துட்டு இங்க கொண்டு வா. ஒரசலைன்னா இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்திட்டு ஓட்டு. போன தூசி ஆயில்லதான் கெடக்கும்.

செல்வி அத்தை: ஹோஸ் ரெண்டு சைஸ் வருது கண்ணு. உள் வாய் அளவு எடுத்துட்டு வா. மத்தியானம் 1 மணிக்கு சாத்திருவேன்.